உள்ளே போக வேண்டிய காற்று

கண்ணைவிட என் வலது உள்ளங்கையைத்தான் நான் அதிகம் நம்பியிருந்தேன். ஒன்பது வருடம் அது என்னை ஏமாற்றவில்லை. பத்தாவது வருடம் ஒரே ஒரு தடவை ஏமாற்றியது. அதைக்கூட ஏமாற்றியது என்று சொல்லக் கூடாது. கை சரியாகத்தான் சொன்னது, மண்டைதான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டது. அதனால் கெட்டது என் கார் மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கெட்டது என் மனைவியின் தங்கச்சி தர்ஷினியின் ஆறு வருடம். அதனால் மானத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் நான் உத்தியோகம் பார்க்கிறேன். கொழுந்தை வாட்டுகிற பகுதி என் பொறுப்பு. மலையிலிருந்து வருகிற பச்சைக் கொழுந்தை நீள நீளமான தொட்டிகளில் கம்பி வலைமேல் பரப்பி வைப்போம். தொட்டியின் ஒரு முனையில் ஆள் உயரத்துக்கு ஒரு காத்தாடி. அது வலைக்கு அடியில் காற்றைத் தள்ளும். காற்று கீழேயிருந்து கொழுந்துக்குள் புகுந்து மேலே வர வேண்டும். வருகிறதா என்று பார்க்க நான் கொழுந்துக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன். கையில் காற்று அடித்தால் எல்லாம் சரி, அடிக்கவில்லை என்றால் ஏதோ கோளாறு. என் முழு உத்தியோகமும் இந்த ஒரு கையில்தான் இருக்கிறது.

ஒருமுறை காத்தாடி மோட்டாரைப் பழுதுபார்த்துத் திரும்பப் பூட்டியவர்கள் வயர் இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். காத்தாடி சுற்றியது, சத்தம் வந்தது, எல்லோரும் போய்விட்டார்கள். நான் வந்து கையைக் காட்டினேன். காற்று இல்லை. முகம் துடைக்கிற கைலேஞ்சியை எடுத்துக் கொழுந்துமேல் போட்டேன், அது பறக்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டது. காத்தாடி தலைகீழாகச் சுற்றிக் காற்றைக் கீழே இழுக்கிறது என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. வயரை மாற்றிப் பூட்டச் சொன்னேன். ஒரு தொட்டிக் கொழுந்து பிழைத்தது. பெக்டரிக்கே பொறுப்பான டீமேக்கர் ஐயா எல்லோர் முன்னாலும், "இது கை இல்லடா, மீட்டர்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் என்று எல்லா இடத்திலும் சொன்னேன். (என் மனைவி விமலா இந்தக் கதையை மட்டும் அறுபது தடவை கேட்டிருக்கிறாள். எண்ணியது அவள்தான்.)

இந்த நேரத்தில்தான் எம்பிலிப்பிட்டியவில் ஒருவரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். எங்கள் குவாட்டர்ஸ் வரிசையில் முதல் கார். நாலு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற காத்தாடி நின்றுபோனது. எஞ்சின் சூடானதும் அது தானாகவே சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சூட்டைப் பார்த்து அதற்கு உத்தரவு கொடுக்கிற சின்னச் சாமான் ஒன்று செத்துவிட்டது. டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, அந்தச் சாமான் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை, ஏழு நாள் ஆகும் என்றார். அதுவரைக்கும் தனியாக ஒரு சுவிட்ச் போட்டுக் கையால் போட்டு அணைத்துக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள் என்றும் சொன்னார்.

"ஆனா நீங்க கை வெக்காதீங்க. வயரிங் பாஸ்கிட்ட குடுங்க. அரை மணித்தியால வேலைதான்" என்றார்.

வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிற அந்த பாஸைப் போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமைதான் கை ஒழியும் என்றார். எனக்குக் கார் புதன்கிழமை வேண்டும்.

அந்தப் புதன்கிழமைதான் தர்ஷினிக்கு இரத்தினபுரியில் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை. ஒன்பது மணிக்கு. நேர்முகம் முடிந்தவர்கள் அங்கேயே, காலியாக இருக்கிற பாடசாலைகளில் ஒன்றைத் தெரிவுசெய்து கையெழுத்துப் போட வேண்டும். முதலில் முடித்தவருக்கு முதல் தெரிவு. அந்தப் பட்டியலில் எங்கள் தோட்டத்துப் பாடசாலையிலும் ஓர் இடம் இருந்தது. தர்ஷினி படித்த பாடசாலை. அவளுக்கு அதுதான் வேண்டும். ஆசைக்காக மட்டும் இல்லை. மாமியார் இறந்தபிறகு மாமனார் தோட்டத்து லயத்து வீட்டில் அவளோடுதான் இருந்தார். அவள் தூரத்துக்குப் போனால் அவருக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. அவள் ஆறேகால் பஸ்ஸில் போவதாக முடிவு பண்ணி வைத்திருந்தாள். அந்த பஸ் எட்டரைக்கே இரத்தினபுரியில் இறக்கிவிடும்.

நான் விடுவேனா? வீட்டில் கார் வைத்துக்கொண்டு கொழுந்தியாளை பஸ்ஸில் நசுங்க விட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வீரவசனம் பேசினேன். உண்மையில் அந்த நாலு பேரும் என்னையும் காரையும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்கினேன். நானாவிடம் சிவப்பு லைட் எரிகிற சுவிட்ச் ஒன்று, ரிலே ஒன்று, பியூஸ் ஒன்று, இரண்டு யார் நீளத்துக்கு வயர் வாங்கினேன். இரண்டு நாள் போனில் வீடியோ பார்த்துப் படித்ததையெல்லாம் வரிசையாகச் செய்தேன். இங்கே என்னைக் குறை சொல்ல முடியாது, சுவிட்ச், ரிலே, பியூஸ் மூன்றையும் சரியாகத்தான் பூட்டினேன். காத்தாடிக்குப் போகிற வயர் இரண்டும் எண்ணெயும் அழுக்கும் ஏறி ஒரே கறுப்பாக இருந்தன. எது எது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு பக்கமாகப் பூட்டி சுவிட்சைப் போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது, காத்தாடி சுற்றியது. விமலா கைதட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மீட்டர் இருக்கிறதே. காரின் முன்பக்கக் கிரில்லுக்கு நேரே போய் உள்ளங்கையைக் காட்டினேன். காற்று அடிக்கவில்லை. கைலேஞ்சியை எடுத்துக் காட்டினேன். அது கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெக்டரியில் நடந்த அதே கதை. காத்தாடி தலைகீழாகச் சுற்றுகிறது என்று முடிவே பண்ணிவிட்டேன். வேறு யாராவது என்றால் கண்டுபிடித்திருப்பார்களா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விமலா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். கார் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் கேட்டாள், "ஏங்க, காத்து உள்ளுக்குப் போனாத்தானே அந்தச் சூடு ஆறும்?"

"சூடு எங்க இருக்கு? உள்ள. அது எங்க போவணும்? வெளிய. அப்ப காத்து எந்தப் பக்கம் வரணும்?" என்று நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். ஒன்பது வருட அனுபவம், வாட்டுத் தொட்டி, டீமேக்கர் ஐயா எல்லாவற்றையும் இழுத்தேன். அறுபத்தோராவது தடவை. அவள் கைலேஞ்சியை என் கையில் கொடுத்துவிட்டு சோறு வடிக்கப் போனாள்.

வயர் இரண்டையும் மாற்றிப் பூட்டினேன். சரியாக இருந்ததை நானாகவே, பிளாஸ்டர் சுற்றி, பத்திரமாகப் பிழையாக்கினேன். இப்போது சுவிட்சைப் போட்டால் கிரில்லிலிருந்து வெளியே காற்று வீசியது. கைலேஞ்சி படபடவென்று பறந்தது. அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிற்கிற காரில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டவில்லை. (நிற்கிற காரில் எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் ஓரளவு ஆறும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிறகு தெரிந்துகொண்டவை நிறைய.)

புதன்கிழமை காலை. தர்ஷினி சந்தன நிறச் சேலை கட்டி, சான்றிதழ் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அந்தச் சேலையை விமலா இரண்டு தடவை அயர்ன் பண்ணியிருந்தாள். மாமனார் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அவர் முன்னால், அக்கா தங்கச்சி இருவரும் பின்னால். கிளம்பும்போது சிவப்பு லைட்டைப் போட்டுக்காட்டி, "எல்லாம் நம்ம கையில இருக்கு மாமா" என்றேன்.

கஹவத்தைக்குக் கொஞ்சம் முன்னால் ஆறேகால் பஸ்ஸை முந்தினேன். முந்தும்போது ஹோர்ன் அடித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஜன்னலில் எங்கள் தோட்டத்து முகங்களெல்லாம் தெரிந்தன. நான் கையைக்கூட ஆட்டினேன்.

கஹவத்தை தாண்டியதும் முள் மெதுவாக மேலே ஏறியது. சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. மாமனார், அந்தக் காத்தாடிச் சத்தம் காதைக் குடைகிறது, கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்றார். அவர் மனம் நோகக் கூடாதென்று நிறுத்தினேன். இரண்டு நிமிடத்தில் முள் கொஞ்சம் இறங்கியது. இதைப் பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. காத்தாடி இவ்வளவு நேரம் சுற்றியதன் பலன் இப்போதுதான் தெரிகிறது என்று விளக்கம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் சுவிட்சைப் போட்டேன். ஓடுகிற காருக்குள் எதிர்க்காற்று தானாக வந்து ரேடியேட்டரை ஆற்றுகிறது, என் காத்தாடி எதிரில் நின்று அதை வராதே வராதே என்று தள்ளுகிறது. இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தாலும் நான் அவருக்கும் வாட்டுத் தொட்டிக் கதையைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு ஏற்றத்தில் பொனட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பொனட்டைத் தூக்கியதும் எங்கள் நாலு பேர் முகமும் ஆவியில் மறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆறேகால் பஸ் வந்தது.

தர்ஷினி கையை நீட்டினாள். பஸ்ஸும் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் எங்கள் பக்கத்துப் பையன்தான், படியில் நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். ஹோர்ன் அடித்தது ஞாபகம் இருந்திருக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சு நிமிஷம்மா, தண்ணி ஊத்துனா சரியாயிரும். நீ ஏறாத" என்று சொல்லி, பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். அக்கா புருஷனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

வயரை மாற்றியது அறியாமை. அதற்கு மன்னிப்புக் கேட்கலாம். பஸ்ஸைப் போகச் சொன்னது அறியாமை இல்லை.

மீதி அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் மாமனாரின் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்று அந்த வீடியோவில்கூடச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றுவதற்காக தர்ஷினியைப் போத்தலோடு பக்கத்தில் வரச்சொல்லியிருந்தேன். மூடி லேசாகத் திரும்பியதும் துருப்பிடித்த செங்கல் நிறத் தண்ணீர் பீறிட்டு அடித்தது. என் முழங்கை வெந்தது. அவள் பின்னால் குதித்ததால் தோலில் படவில்லை. பைலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டதால் சான்றிதழும் தப்பியது. சந்தன நிறச் சேலை மட்டும் முழங்காலுக்குக் கீழே முழுக்கச் செம்மண்ணில் புரட்டியெடுத்த மாதிரி ஆனது. விமலா என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தங்கச்சியின் சேலையைத் துடைத்தாள்.

ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, திரும்பக் கிளம்பினோம். பெல்மதுளைக்கு வருவதற்குள் மறுபடியும் கொதித்தது. மணி எட்டே முக்கால். இரத்தினபுரிக்கு இன்னும் எவ்வளவோ தூரம். பஸ்ஸையும் காணோம். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து இரத்தினபுரிக்கு வாழைக்காய் ஏற்றிப் போகிற லொறி ஒன்று நின்றது. டிரைவர் ஒரு சிங்கள மனிதர், நடுவயது. என்ன விஷயம் என்று கேட்டார். நான் சிங்களத்தில் என் சுவிட்ச், ரிலே, பியூஸ் எல்லாவற்றையும் விளக்கினேன். காத்தாடி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் பாதியில் நேரே கிரில்லுக்கு முன்னால் போய் உள்ளங்கையைக் காட்டினார். என்னை மாதிரியே. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்தயா, மேக்க அனித் பெத்தட்டனே கெரகென்னே."

ஐயா, இது மறுபக்கமாக அல்லவா சுற்றுகிறது என்று அர்த்தம். என் வீட்டில் எல்லோருக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன்.

விமலா என் பக்கம் திரும்பினாள். "காத்து உள்ளுக்குப் போவணும்னு நான் சொன்னேன்ல" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு லொறியின் முன் சீட்டில் ஏறினாள். கறைபட்ட சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாழைக்காய் லொறியில், எங்கள் தோட்டத்தின் வருங்கால டீச்சர் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள்.

ரோட்டோரத்தில் நானும் மாமனாரும். பிளாஸ்டரைப் பிரித்து வயர் இரண்டையும் மாற்றிப் பூட்ட எனக்கு நாலு நிமிடம்தான் ஆனது. கைலேஞ்சியைக் காட்டினேன், கிரில்லில் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மாதிரியே. மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடம் மலையில் வேலை செய்த மனிதர், அதிகம் பேச மாட்டார்.

"மெசின்னா கெடத்தான் செய்யும் மாப்புள்ள. அதப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார். பஸ் போன பக்கம் பார்த்துவிட்டு, "ஆனா அந்த பஸ்ஸ நீங்க போவச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

ரோட்டில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நான் பொனட்டை மூடினேன்.

தர்ஷினி போய்ச் சேரும்போது ஒன்பதே முக்கால். அவள் பேரைக் கூப்பிட்டுத் தாண்டிவிட்டார்கள். கெஞ்சியதில் கடைசியாகப் பார்க்கிறோம் என்றார்களாம். இரண்டு மணிக்கு உள்ளே போனாள். கறையைப் பார்த்து என்னவென்று கேட்டதற்கு, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாளாம், அவர்களும் சிரித்தார்களாம். நியமனம் கிடைத்தது. ஆனால் பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம், எஹலியகொடவுக்கும் அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு சின்னப் பாடசாலை. எங்கள் தோட்டத்து இடத்தைப் பதினொரு மணிக்கே யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஆறு வருடம். அவள் அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கி, மாதத்துக்கு ஒரு தடவை மூன்று பஸ் மாறி வந்து போனாள். மாமனாரை எங்கள் குவாட்டர்ஸுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் என்னை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. நான் கார் எடுக்கும்போதெல்லாம் மெதுவாக எழுந்து முன்பக்கம் போய், கிரில்லுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டிவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்காருவார். அதற்குப் பதில் தினமும் இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம்.

வீட்டில் நான் எதற்குக் கை வைத்தாலும் இப்போது ஒரே கேள்விதான். பல்ப் மாற்ற ஏணியில் ஏறினாலும், என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தாலும், "காத்து எந்தப் பக்கம்னு பாத்தீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது? பெக்டரியில் அந்த மீட்டர் கதையைச் சொல்வதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டேன். டீமேக்கர் ஐயாவே, உனக்கு என்னடா ஆச்சு என்று கேட்டார்.

போன மாதம் தர்ஷினிக்கு இடமாற்றம் கிடைத்தது. எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கே. அவளுடைய பெட்டி படுக்கையை ஏற்றி வர நான்தான் போவேன் என்று அடம்பிடித்துப் போனேன். கொழும்பிலிருந்து வந்த சாமானை வயரிங் பாஸ் எப்போதோ போட்டுக் கொடுத்துவிட்டார், காத்தாடி தானாகவே சுற்றுகிறது. இருந்தாலும் என் சுவிட்சை நான் கழற்றவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டிகளை ஏற்றி முடித்தேன். வழி நெடுக மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வார்த்தைகளைச் சொல்ல வாயைத் திறந்தேன். "தர்ஷினி, அன்னைக்கு அந்த பஸ்ஸு..." என்று ஆரம்பித்தேன்.

"சுவிட்ச போடுங்க அத்தான்" என்றாள்.

போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது. அவள் காருக்கு முன்னால் போய்த் தன் கைலேஞ்சியைக் காட்டினாள். அது கிரில்லில் போய் அழகாக ஒட்டிக்கொண்டது. அவள் அதை எடுத்து உதறி மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு ஆறு வருடப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

வளைவில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. தர்ஷினி குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிக் கையை நீட்டினாள்.

"பெட்டியெல்லாம் நீங்க பத்திரமா கொண்டாங்க அத்தான். நான் பஸ்ல வாறேன்."